வணிக ஒழுக்கவியல் கற்பிக்க விரிவுரையாளர்களைத் தயார்படுத்தல்: மட்டக்களப்பு, அம்பாறைக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு முகாமைத்துவத் துறையில் வணிக ஒழுக்கவியல் பாடம் யார் தலையில் விழும் என்று சொல்லச் சோதிடம் தேவையில்லை. கடைசியாக நியமனம் பெற்று வந்தவர் தலையில் விழும். கணக்கீட்டுக்கு ஆள் உண்டு, சந்தைப்படுத்தலுக்கு ஆள் உண்டு, நிதி முகாமைத்துவத்துக்குப் போட்டியே உண்டு. மிஞ்சுவது இதுதான். "பொதுவான பாடந்தானே, வாசித்துவிட்டுச் சொல்லிக்கொடுக்கலாம்" என்று மூத்தவர் ஒருவர் ஆறுதல் சொல்லுவார். புதியவர், முன்பு கற்பித்தவரின் பவர்பொயின்ட் பக்கங்களை வாங்கிக்கொள்வார். அவரும் அதை இன்னொருவரிடம் வாங்கியிருப்பார். நேர்மையைப் பற்றிய பாடம் பெயர் குறிப்பிடாத பிரதியில் தொடங்குகிறது என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, இந்த இரு மாவட்டங்களின் வேறு உயர்கல்வி நிறுவனங்களிலோ இந்தப் பாடத்தை ஏற்கப்போகிறவர்களைத் தயார்படுத்த நினைப்போருக்காக இதை எழுதுகிறேன். ஆளணி அபிவிருத்தி நிலையம் ஒழுங்கு செய்தாலும் சரி, துறைத்தலைவர் தன் பொறுப்பில் செய்தாலும் சரி, மூன்று நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து செய்தாலும் சரி, முறை ஒன்றுதான். மூன்று நாள் பயிற்சி, அதன்பின் ஓர் அரையாண்டுத் தொடர்ச்சி. மூன்று நாளை நடத்திவிட்டுக் கைகழுவுவதாக இருந்தால், அந்தப் பணத்துக்கு நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.

இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். முதன்முறை நான் நடத்திய பட்டறை இரண்டு நாள் நீடித்தது. பெந்தம், கான்ட், அரிஸ்டாட்டில், ரோல்ஸ் என்று ஒழுக்கத் தத்துவவாதிகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். சான்றிதழ் கொடுத்தோம், குழுப்படம் எடுத்தோம், மதியச் சாப்பாட்டை எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து, பங்குபற்றிய ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் போய் அமர்ந்தேன். அவர் கான்டின் வரைவிலக்கணத்தை வாசித்தார், மாணவர்கள் எழுதினார்கள். "சேர், இது பரீட்சைக்கு வருமா?" என்று ஒருவன் கேட்டான். அன்று முழுவதும் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் நான் அவருக்குச் செய்துகாட்டியதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார்.

இந்தப் பாடத்துக்கு வரும் விரிவுரையாளர்களிடம் அறிவுக்குப் பெரிய குறை இல்லை. விடை தெரியாத கேள்வியை வகுப்பின் நடுவில் வைத்துவிட்டு, அதை உடனே தானே எடுத்து மூடாமல் இருக்கும் பழக்கம்தான் இல்லை. ஆசிரியர் கேள்வி கேட்டால் விடை அவரிடம் இருக்கும் என்று முதலாம் வகுப்பிலிருந்து பழகியவர்கள் நாம். பயிற்சியின் பெரும்பங்கு அந்தப் பழக்கத்தை உடைக்கவே போக வேண்டும்.

பணத்தைக் கொட்டினால் இது நடந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை உண்டு. 1980களின் பிற்பகுதியில், ஆர்தர் அண்டர்சன் என்ற அமெரிக்கக் கணக்காய்வு நிறுவனம் பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு வணிக ஒழுக்கவியல் பயிற்சி கொடுக்க 50 இலட்சம் டொலர் ஒதுக்கியது. இலினோய் மாநிலத்தில் செயின்ட் சார்ள்ஸ் என்ற இடத்திலிருந்த தன் பயிற்சி வளாகத்துக்கு அவர்களை அழைத்தது, வகுப்பில் காட்டக் குறும்படங்களும் தயாரித்துக் கொடுத்தது. அந்தப் பொருட்களில் பல நல்லவைதான். 2001இல் என்ரோன் என்ற பெரிய அமெரிக்க எரிசக்தி நிறுவனம் சரிந்தது. என்ரோனின் கணக்குகளைச் சரிபார்த்தது இதே நிறுவனம். ஆவணங்களை அழித்த விவகாரத்தில் 2002இல் குற்றவாளியாகக் காணப்பட்டது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2005இல் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தபோது நிறுவனம் நடைமுறையில் இல்லாமல் போயிருந்தது. இந்தக் கதையை நான் பயிற்சியின் முதல் அரைமணியிலேயே சொல்லிவிடுவேன். அறையில் யாரும் தம்மைத் தூயவராக நினைத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவுகிறது.

நாளும் ஆட்களும்

நாள் குறிப்பது சின்ன வேலைபோலத் தெரியும். ஐப்பசி முதல் தை வரை வைக்காதீர்கள். வெள்ளம் வந்தால், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வருபவர் வரமாட்டார். நோன்பு மாதம் வேண்டாம். மாமாங்கக் கோயிலின் தீர்த்தத் திருவிழா நாட்களும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வந்தால் ஜும்ஆவுக்கு இரண்டு மணிநேரம் தாராளமாக விடுங்கள், அதை இடைவேளைக்குள் திணிக்காதீர்கள். களப்பயணம் இருப்பதால் பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களே எனக்குப் பிடித்தவை. ஊரே தராசைச் சுற்றி நிற்கும் காலம் அது.

12 பேர் நல்ல எண்ணிக்கை. 16க்கு மேல் போனால் நால்வர் பேசுவார்கள், மற்றவர்கள் கைபேசி பார்ப்பார்கள். ஒழுக்கவியல் கற்பிப்பவரை மட்டும் அழைக்காதீர்கள். கணக்கீடு, சந்தைப்படுத்தல், மனிதவளம், பொருளியல் ஆகியவற்றிலிருந்தும் ஆட்கள் வேண்டும். ஒழுக்கவியல் வகுப்பில் திங்கட்கிழமை கேட்டதை, "வரி குறைக்க இப்படி ஒரு வழி இருக்கிறது" என்று செவ்வாய்க்கிழமை கணக்கீட்டு வகுப்பு அழித்துவிடும் என்றால் யாரைப் பயிற்றி என்ன பயன்?

பேராசிரியர்கள் வந்தால் மகிழ்ச்சி, ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு விவாதத்திலும் அவர்கள் கடைசியாகத்தான் பேச வேண்டும். இதை முன்கூட்டியே தனியாகப் போய்ச் சொல்லிவிடுங்கள். அறையில் வைத்துச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும். மூத்தவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அதற்குப்பின் அந்த அறையில் ஒரே கருத்துத்தான் இருக்கும்.

வருவதற்கு முன் ஒரு பக்கம்

பயிற்சிக்குப் பத்து நாள் முன்பு ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கம் எழுதக் கேளுங்கள். கேள்வி இதுதான்: "உங்கள் பல்கலைக்கழக வேலையில், சரியென்று நினைத்ததைச் செய்ய முடியாமல் போன ஒரு தருணத்தை எழுதுங்கள்." பெயர் போட வேண்டாம், திருப்பி வாங்க உறையில் ஓர் அடையாளம் போதும். தட்டச்சு செய்து, மூடிய உறையில் தரட்டும்.

வருபவை வியப்பாக இருக்கும். தெரிந்தவர் ஒருவரின் மகனுக்காக மூன்று புள்ளி கூட்டியது. வராத மாணவர்களுக்காக நண்பர்கள் வரவுத்தாளில் கையெழுத்திட்டதைக் கண்டும் காணாமல் விட்டது. மாணவி செய்த ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரை முன்னால் போட்டது. வேலையொன்றுக்கு மூன்று விலைக்கோரல்கள் வேண்டும் என்ற விதிக்காக, ஒரே கடைக்காரரிடம் மூன்று கடிதத்தாளும் வாங்கி வந்தது. இவற்றில் எதையும் பயிற்சியில் வாசிக்கக் கூடாது. வாசிக்கமாட்டோம் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லுங்கள். ஒழுங்கு செய்பவர் மட்டும் படித்துவிட்டு, மறுபடி ஒட்டிய உறைகளைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக வைத்திருக்கட்டும்.

இந்தப் பக்கம் எதற்கு? வணிகர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் ஆசை விரிவுரையாளருக்கு இயல்பாகவே உண்டு. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளியின் பேராசை நன்றாகத் தெரியும். தன் கையிலும் ஒரு தராசு இருக்கிறது, அதில் புள்ளி நிறுக்கிறோம் என்பதை எழுதிவிட்டு வருபவர் பேசும் தொனியே வேறாக இருக்கும். இந்த ஒரு பக்கம் இல்லாமல் நான் இனிப் பயிற்சி நடத்தமாட்டேன்.

முதல் நாள்: நெல் தராசில் ஏறுகிறது

கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். திரையை இறக்காதீர்கள். வரவேற்புரை ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் நாள் கெட்டுவிடும். உபவேந்தர் வந்து மங்கல விளக்கேற்ற விரும்பினால் அதை முந்திய நாள் மாலை வைத்துக்கொள்ளலாம். பிறகு இந்தச் சம்பவத்தை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள்:

பெரும்போக அறுவடை முடிந்த மாசி மாதம். வானம் மூடியிருக்கிறது. விவசாயி ஒருவர் வாடகை உழவு இயந்திரத்தில் 3,000 கிலோ நெல்லை ஏற்றிக்கொண்டு அரிசி ஆலைக்கு வருகிறார். ஈரமானி 16 சதவீதம் காட்டுகிறது. 14 சதவீத ஈரத்துக்குத்தான் முழு எடை. அதற்கு மேலிருந்தால் கழிப்பார்கள். கருவி, விவசாயிக்கு எண் தெரியாதபடி திரும்பியிருக்கிறது. ஆலை முதலாளி உள்ளே போகிறபோக்கில் "18 என்று போடு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். எழுத வேண்டியவள் 24 வயது முகாமைத்துவப் பட்டதாரி. வேலைக்கு வந்து நான்கு மாதம். அவளுடைய தகப்பனார் விதைநெல்லும் உரமும் இதே முதலாளியிடம் கடனாக வாங்கியிருக்கிறார். விவசாயி எட்டிப் பார்த்துக் கேட்கிறார்: "எவ்வளவு காட்டுகிறது, மகள்?"

சம்பவம் அங்கே நிற்கிறது. இனி நடத்துபவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒழுக்கவியல் என்றதும் கணிப்பானை மூடிவிடுகிறார்கள், அது பெரிய பிழை. 16 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 84 கிலோ. அதை 14 சதவீத ஈரத்துக்கு மாற்றினால் 97.67 கிலோ, ஆகவே நியாயமான கழிவு 2.33 கிலோ. 18 என்று எழுதினால் கழிவு 4.65 கிலோ. 3,000 கிலோவுக்கு வித்தியாசம் ஏறத்தாழ 70 கிலோ. கிலோ 120 ரூபா என்று வைத்துக்கொண்டால் சுமார் 8,400 ரூபா. அப்படி ஒரு நாளைக்கு 20 பேர் வந்தால் 1,68,000 ரூபா. பேனா நுனியில் 16 என்பது 18 ஆக மாறியதன் விலை பலகையில் எழுதப்பட்டதும் அறை அமைதியாகும்.

அடுத்து, "அவள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் 12 பேரும் "மறுக்க வேண்டும்" என்பார்கள். இங்கேதான் வழக்கமான வகுப்பு முடிந்துவிடும். நம் பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது. "சரி, மறுக்கிறாள். வாயைத் திறந்து என்ன சொல்லுகிறாள்? எந்த வசனம்? யாரிடம்?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். இருபது எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளமென்று தெரியும். பன்னிரண்டில் உங்களுக்கே வாய் துடிக்கும். அடக்குங்கள்.

ஒருவர் சொல்லுவார்: "விவசாயியிடம் 16 என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன்." உடனே இன்னொருவரை முதலாளியாக நடிக்க வையுங்கள். எங்கள் பட்டறையொன்றில் அப்படி நடித்தவர் குரலை உயர்த்தவேயில்லை: "தகப்பனாருடைய கணக்கையும் இன்றைக்கே பார்த்துவிடுவோமா?" இன்னொருவர் தந்திரமாக, "கருவி பழுது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்" என்றார். நல்லவர்போலத் தெரிந்தது. அவருக்கு விவசாயியின் பக்கத்திலிருந்தே விடை வந்தது. உழவு இயந்திர வாடகை இன்னொரு நாளைக்கு யார் கொடுப்பது, இரவு மழை பெய்தால் ஈரம் என்னவாகும்? மூன்றாமவர் முதலாளியின் பின்னால் போய்த் தனியாகப் பேசினார்: "முதலாளி, கருவியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தால், மற்ற ஆலைக்குப் போகிறவர்களும் இங்கேதான் வருவார்கள். எடை குறையாத ஆலை என்ற பேர் ஒரு போகத்திலேயே பரவிவிடும்." இது வெல்லுமா என்பது வேறு கதை. ஆனால் ஒரு மனிதர் உண்மையில் சொல்லக்கூடிய வசனம் அது.

சரி எது என்று தெரிந்தவர் அதை எப்படிச் சொல்லுவார் என்று ஒத்திகை பார்க்கும் இந்த முறையை, அமெரிக்கப் பேராசிரியர் மேரி ஜென்டைல் பெரிதும் வளர்த்தெடுத்தார். அவருடைய அடிப்படைக் கேள்வி எளியது: சரியானதைச் செய்ய முடிவெடுத்துவிட்டாய் என்று வைத்துக்கொள், இனி எப்படிச் செய்து முடிப்பாய்? மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற உளவியலாளர் ஒழுக்கச் செயலை நான்காகப் பிரித்திருந்தார். பிரச்சினை இருப்பதைக் காண்பது, எது சரியென்று தீர்மானிப்பது, மற்ற ஆசைகளுக்கு மேலாக அதை விரும்புவது, செய்து முடிக்கும் திராணி. நம் வகுப்பறைகளில் இரண்டாவது மட்டும் நடக்கிறது, பரீட்சைத் தாளில் கேட்க வசதியானதும் அதுதான். அந்தப் பெண்ணுக்குக் குறைவது நான்காவது. இந்த நான்கையும் பலகையில் எழுதி, காலையில் யார் எப்போது எதைச் செய்தார்கள் என்று பின்னோக்கிப் பார்க்க வைத்தால், விளக்கவுரை தேவைப்படாது.

கடைசியில் "அப்படியென்றால் சரியான விடை எது?" என்று யாரோ கேட்பார். நடத்துபவர் தன் கருத்தை ஒரு வசனத்தில் சொல்லலாம். ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் பலகையில் எழுதாதீர்கள்.

கோட்பாடு: அரைநாள் போதும்

பிற்பகலில் தத்துவத்துக்கு வாருங்கள், காலையில் பேசிய அதே நெல்லை வைத்துக்கொண்டு. மொத்த நன்மை, தீமை எவ்வளவு என்று கேட்டால் அது பெந்தமும் அவர் வழிவந்த மில்லும் கேட்ட கேள்வி. எல்லா ஆலையும் இப்படி எழுதினால் ஈரமானி என்ற பொருளுக்கே அர்த்தம் இருக்குமா என்று கேட்டால் கான்ட். நீங்கள் முதலாளியாகப் பிறப்பீர்களா, அந்தப் பெண்ணாகவா, உழவு இயந்திரத்தில் வந்தவராகவா என்று தெரியாத நிலையில் எந்த விதியை ஒப்புக்கொள்வீர்கள் என்பது ரோல்ஸ். தினமும் 18 எழுதுகிற கை பத்து வருடத்தில் என்ன மாதிரி ஆளாக மாறியிருக்கும் என்பது அரிஸ்டாட்டில். ஒவ்வொருவருக்கும் முப்பது நிமிடம். வாழ்க்கை வரலாறு வேண்டாம், பிறந்த ஆண்டு வேண்டவே வேண்டாம்.

நம் மண்ணில் இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று உண்டு. 120ஆவது குறள் வாணிகத்தைப் பேசுகிறது. குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் குறைப்பவர்களைக் கடிகிறது. விவிலியத்தில் நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் கள்ளத் தராசில்தான் தொடங்குகிறது. மட்டக்களப்பு வகுப்பறையில் இந்த மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள் பக்கம்பக்கமாக அமர்ந்திருப்பார்கள். மூன்று மரபும் ஒரே பொருளைக் கையில் எடுத்திருப்பது அழகுதான், ஒரு தடவை சுட்டிக்காட்டுங்கள். ஆனால் மேற்கோள் வந்தவுடன் விவாதம் நின்றுவிடும், ஏனெனில் வேதத்தை யார் எதிர்ப்பார்? ஆலை முதலாளிக்கும் அந்த வரி தெரியும். அவருடைய மேசைக்குப் பின்னால் அவரவர் சமயத்துப் படமோ வசனமோ மாட்டியிருக்கும். ஆகவே மேற்கோள் சொல்லும் மாணவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: "இது தெரிந்த மனிதர் ஏன் 18 என்று சொன்னார்?"

இரண்டாம் நாள்: ஊருக்குள் போதல்

பின்னால் மோதினால் தீப்பிடித்த ஃபோர்ட் பின்டோ காரையும், 1982இல் யாரோ நஞ்சு கலந்ததால் கம்பனி திரும்பப் பெற்ற டைலனோல் மருந்தையும் எல்லாப் பாடநூலும் சொல்லும். அவை இருக்கட்டும். ஆனால் வெல்லாவெளியிலிருந்து வரும் மாணவிக்கு அமெரிக்க மருந்துக் கம்பனித் தலைவர் எடுத்த முடிவு திரைப்படம்போலத்தான் தெரியும். அவள் 23 வயதில் தலைவர் ஆகப்போவதில்லை. கணக்கெழுதுநராக, கடன் சேகரிப்பவராக, களஞ்சியப் பொறுப்பாளராக ஆகப்போகிறாள்.

இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். முடிந்தால் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும், ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் சேர்ந்தே போகட்டும். கல்முனைக் கடைத்தெரு, மருதமுனைக் கைத்தறி, வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம், படுவான்கரையின் நெற்களங்கள், பெண்களின் கடன் குழுக்கள் எல்லாம் அரைநாள் தூரம்தான். "நேர்மையாக வியாபாரம் செய்கிறீர்களா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஆம் என்பார், தேநீர் தருவார், அனுப்பிவிடுவார். "யாருக்கு இல்லையென்று சொல்ல முடியாமல் போனது?" என்று கேளுங்கள். கதை தானாக வரும்.

அப்படி வந்த வகையில் ஒன்றை இங்கே சொல்லலாம். ஏழு பேர் வேலை செய்யும் துணிக்கடை. மாதச் சம்பளம் 40,000 ரூபா. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதம் கழித்து, முதலாளி 12 சதவீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். அதாவது ஊழியரிடம் 3,200, முதலாளியிடம் 4,800, அதன்மேல் 1,200. ஆனால் "எங்களுக்கு வேண்டாம், 3,200ஐக் கையில் தாருங்கள், வட்டி கட்ட வேண்டும்" என்று கேட்பது ஊழியர்களே. முதலாளிக்கு மாதம் ஆளுக்கு 6,000 மிச்சம். இருவரும் மகிழ்ச்சி. கணக்கெழுத வந்திருக்கும் பட்டதாரி என்ன செய்வார்? சட்டம் தெளிவாக இருக்கிறது. அதனால்தான் இது நல்ல சம்பவம். சட்டம் சொல்லிவிட்டது என்ற பிறகும் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

பிற்பகலில் திரும்பி வந்து எழுதட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முடிவெடுப்பவர் வேலைக்கு வந்து ஐந்து வருடத்துக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். ரூபாக் கணக்கு இருக்க வேண்டும். முடிவுக்கு முந்திய நொடியில் கதை நிற்க வேண்டும். கெட்டவராகத் தெரிபவருக்கும் ஒரு புரிந்துகொள்ளக்கூடிய காரணம் வேண்டும். நுண்கடன் சேகரிக்க வருபவரை அரக்கனாக எழுதிவிட்டால் விவாதிக்க எதுவும் மிஞ்சாது. அவருக்கும் மாத இலக்கு உண்டு, மோட்டார் சைக்கிளுக்குத் தவணை உண்டு. பெயர், ஊர், பொருள் மூன்றையும் மாற்றுங்கள். சொன்னவரிடம் எழுதியதை வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். கடைசியாக ஒரு சோதனை: பாத்திரங்களின் இனத்தை மாற்றி வாசித்துப் பாருங்கள். மாற்றினால் கதை உறுத்துகிறதென்றால், எழுதியவரின் மனதில் ஏதோ ஒளிந்திருக்கிறது.

மூன்றாம் நாள்: பதினைந்து நிமிடம்

ஒவ்வொருவரும் தாம் எழுதிய சம்பவத்தை மற்றவர்களை மாணவர்களாக வைத்துப் பதினைந்து நிமிடம் நடத்த வேண்டும். மாணவர்களாக இருப்போருக்கு இரகசியத் துண்டுகள் கொடுங்கள். ஒருவர் வாயே திறக்கமாட்டார். ஒருவர் "எல்லாரும் செய்கிறார்கள், சேர்" என்பார். ஒருவர் தொலைபேசி பார்ப்பார். ஒருவர் கேட்கக் கூடாததைச் சொல்லுவார்.

"எல்லாரும் செய்கிறார்கள்" என்பதற்கு அறிவுரை விடையாகாது. "எல்லாரும் என்றால் யார் யார், எண்ணலாமா?" என்று பலகைக்கு அழைத்தால், எண்ணிக்கை பெரும்பாலும் ஐந்தைத் தாண்டாது.

கேட்கக் கூடாதது என்றால், "அந்த ஊர்க்காரர்களின் வியாபாரமே அப்படித்தான்" என்ற வகை. இந்த இரு மாவட்டங்களிலும் இது வராமல் ஓர் அரையாண்டு போகாது. வகுப்பில் பாதிப்பேர் அந்த ஊராக இருக்கலாம். கேளாததுபோலக் கடந்துபோனால், பாடம் அன்றோடு செத்தது. திட்டி உட்கார வைத்தால், அந்தக் கருத்து விடுதி அறைக்குப் போய் வளரும். நான் பழக்குவது இது: "நீங்கள் சொன்னது ஓர் ஆளைப் பற்றியா, ஓர் ஊரைப் பற்றியா? ஆளென்றால் சம்பவத்தைச் சொல்லுங்கள். ஊரென்றால் எத்தனை பேரைக் கண்டீர்கள்?" குரலை உயர்த்தாமல் கேட்க வேண்டும். அதனால்தான் ஒத்திகை தேவைப்படுகிறது. முதல் தடவை யாராலும் உயர்த்தாமல் கேட்க முடிவதில்லை.

இன்னுமொன்று, இதில் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். நிறுவனத்துக்குள் நடக்கும் முறைகேட்டை வெளியே சொல்லுதல் என்று பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பு இருக்கும். மேலைப் பாடநூலில் அப்படிச் சொல்பவர் வீரர். இங்கே அதற்கு ஊர் வைத்திருக்கும் சொல் "காட்டிக்கொடுத்தவன்". போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்த ஆட்களை நம் மக்கள் "தலையாட்டி" என்றார்கள். அந்தத் தலையசைப்பில் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த வகுப்பில் இருக்கலாம். அவர்களிடம் போய், தகவல் கொடுப்பது குடிமைக் கடமை என்று ஒரு விரிவுரையாளர் புன்னகையோடு சொன்னால், அவர் எந்த ஊரில் நிற்கிறார் என்று மாணவர்களுக்குச் சந்தேகம் வரும்.

இந்தத் தலைப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. சொற்களிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். காட்டிக்கொடுத்தல், முறைப்பாடு செய்தல், சாட்சி சொல்லுதல், எச்சரித்தல் என்ற நான்கையும் பலகையில் எழுதி, வித்தியாசம் என்னவென்று மாணவர்களே பிரிக்கட்டும். யாருக்கு எதிராக, பலமானவருக்கா பலவீனருக்கா, முகம் மூடியா திறந்தா, தனக்கு என்ன கிடைத்தது என்ற அளவுகோல்களை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு, 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருப்பதையும், தகவல் தருவோருக்குப் பாதுகாப்பு வைத்திருப்பதையும் சொல்லுங்கள். வரிசை மாறினால் சட்டம் காதில் ஏறாது. நினைவு கனத்து யாராவது எழுந்து வெளியே போனால், காரணம் கேட்காமல் விடுங்கள்.

பின்னூட்டத்துக்கு ஒரே விதி: "நன்றாக இருந்தது" என்ற சொல்லுக்குத் தடை. நடத்தியவர் எந்த இடத்தில் தானே விடை சொன்னார் என்பதை மட்டும் நேரத்தோடு குறித்துக் கொடுங்கள். "நாலாவது நிமிடம், மாணவி யோசித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் பேசிவிட்டீர்கள்." இப்படி.

மொழியைப் பற்றி ஒரு சொல். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், அந்தப் பெண் முதலாளியிடம் பேசப்போவது தமிழில். வசன ஒத்திகைகள் தமிழில்தான் நடக்க வேண்டும். ஒலுவிலில் சிங்கள மாணவர்கள் இருந்தால் அவர்கள் தம் மொழியில் பேசி மற்றவர்கள் மொழிபெயர்க்கட்டும். தாமதமாகும், பரவாயில்லை.

புள்ளி போடுதல்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைக்கு (கிரெடிட்) 50 கற்றல் மணித்தியாலங்கள். மூன்று திறமைப் பாடத்துக்கு 150. இதில் வகுப்பறை நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சத்தைக் களத்துக்கும் எழுத்துக்கும் தைரியமாகப் பயன்படுத்தலாம், அனுமதி கேட்டு மூதவைக்குப் போக வேண்டியதில்லை. பாடத்திட்டத்தையே மாற்றுவதாக இருந்தால் மட்டும் போக வேண்டும்.

மாணவரின் முடிவுக்குப் புள்ளி போடாதீர்கள். "மறுப்பேன்" என்று எழுதுபவர் எல்லாருக்கும் முழுப்புள்ளி என்று தெரிந்தால் பொய்யெழுதப் பழக்குகிறோம் என்று அர்த்தம். யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதைக் கண்டாரா, கணக்கு சரியா, எதிர்த்தரப்பின் காரணத்தை அதன் பலத்தோடு சொன்னாரா, சொல்லப்போகும் வசனம் உண்மையில் வாயில் வருமா என்ற நான்குக்கும் போடுங்கள். கடைசியானதற்கு நான் அதிகம் கொடுப்பேன். பரீட்சையில் "கான்டின் கோட்பாட்டை விவரிக்க" என்று கேட்பதை நிறுத்துங்கள். புதிய சம்பவம் ஒன்றைக் கொடுத்து, "முதலாளிக்கு ஐந்து வரிக் கடிதம் எழுதுக" என்று கேளுங்கள்.

ஒப்படைகளில் பிரதி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை முதல் வாரமே சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். வரவுத்தாள் கையெழுத்தும் அப்படித்தான். இந்தப் பாடத்தின் விரிவுரையாளர் அதில் தளர்ந்தால், மற்றப் பாடத்தில் தளர்வதைவிட இரண்டு மடங்கு சத்தமாக மாணவர்களுக்குக் கேட்கும்.

அரையாண்டு முழுக்க

பயிற்சி முடிந்ததும் இருவர் இருவராகச் சோடி சேருங்கள், வேறுவேறு துறையாக. மூன்றாம், எட்டாம், பதின்மூன்றாம் வாரங்களில் ஒருவர் மற்றவரின் வகுப்பில் அமர வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்றே. விரிவுரையாளர் எத்தனை நிமிடம் பேசினார், விடை தெரியாத கேள்வி எத்தனை கேட்டார், மாணவர்கள் ஆசிரியரைப் பார்க்காமல் தமக்குள் பேசிய மிக நீண்ட நேரம் எவ்வளவு. மூன்றாம் வாரத்தில் கடைசி எண் பூச்சியமாகவே இருக்கும். பதறாதீர்கள். எட்டாம் வாரத்தில் இரண்டு நிமிடம் வந்தால் கொண்டாடலாம்.

இந்தக் குறிப்பு துறைத்தலைவருக்குப் போகக் கூடாது, பதவி உயர்வுக் கோப்பிலும் சேரக் கூடாது. போனால் மூன்று எண்களும் அழகாகிவிடும். ஈரமானிபோல.

அரையாண்டு முடிவில் ஒரு மாலை மீண்டும் கூடுங்கள். முதலில் வாங்கிய உறைகளை அன்று திருப்பிக் கொடுங்கள். என்ன செய்தீர்கள் என்று யாரையும் கேட்காதீர்கள். ஒரு பட்டறையில் ஒருவர் உறையைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எழுந்து போய்த் தேநீர் ஊற்றினார். அவர் எழுதியதைப் படித்தவன் நான் ஒருவன் மட்டுமே. இருவரும் அடுத்த மாதத்துப் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினோம்.

சம்பவங்களையெல்லாம் ஒரு கோப்பில் சேருங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் எழுதியவரின் பெயர், எந்த வகுப்பில் நடத்தப்பட்டது, எந்த இடத்தில் சறுக்கியது, மாணவர்கள் கண்டுபிடித்த நல்ல வசனம் எது என்று கையால் எழுதி வையுங்கள். அடுத்த நியமனம் பெற்று வருபவரிடம் பவர்பொயின்ட் பக்கங்களுக்குப் பதிலாக அந்தக் கோப்பைக் கொடுங்கள். முதல் வாரம் நெல் ஆலையை நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் போய் அமருங்கள்.